குதிகாலுக்கு விட்ட இடம்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டே வாங்க. நடுவில் எழுந்து ஓடினால் எனக்கும் விட்ட இடம் மறந்துபோகும். இன்றைக்கு ஒரு சின்ன ஷூவின் கதை சொல்லப் போகிறேன். ஒன்பது வயதுப் பெண்ணின் பள்ளிக்கூட ஷூ. அதன் பின்பக்கத்தில் அவளுடைய அப்பா தன் கையாலேயே விரலகலத்துக்கு வளைத்து வெட்டிவிட்ட ஒரு இடம் உண்டு. அந்த விரலகலத்துக்குள் ஒரு குடும்பமே அடங்கிக் கிடந்தது என்றால் நம்புவீர்களா? கேளுங்க.

போன வாரம், சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் பட்டறைக்காரர் எழுந்து போனாரே, அங்கே விட்டோம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டறை என்றால் ஷூ பட்டறை. காலை அளந்து, அந்தக் காலுக்கென்றே தோல் வெட்டிச் செய்து கொடுப்பவர் அவர். மேல்தோலைத் தைப்பது அவர் மனைவி. தையல் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்பதால் மெஷின்காரி என்று அவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே மகள். ஒல்லிக்குச்சி, ஆனால் வாய் ஓயாது. காதோரம் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பதால் அவள் கொசு.

கொசுவுக்குக் காய்ச்சல் வந்தபோது எடுத்த ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக இருந்தது. யாருடைய ரத்தத்தோடோ மாறிவிட்டது என்று மறுபடி எடுத்தார்கள். அதே கதை. அன்றைக்குச் சமையலறைக்குள் புகுந்தார் பட்டறைக்காரர். வெண்ணெய் போச்சு, முட்டை போச்சு, எண்ணெய்ச் சட்டி பரணுக்குப் போச்சு. "பிள்ளைக்கு என்னத்தப் போட்டு வளர்த்த?" என்று ஒரு கேள்வியும் கேட்டார். மெஷின்காரி மெஷினில் போய் உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் வேகவைத்த காயைத் தின்று கொசு இன்னும் ஒல்லியானாள். கொழுப்போ பேருக்குக் கொஞ்சம் இறங்கி நின்றது, அவ்வளவுதான்.

"கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் பண்ணிப் பார்ப்போம். மாத்திரை தேவைப்படலாம். அப்பா அம்மா ரெண்டு பேரும் ரத்தம் கொடுங்க" என்று சொல்லியனுப்பினார் குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. மெஷின்காரி மறுநாளே கொடுத்துவிட்டாள். அவள் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பட்டறைக்காரர்தான் தட்டை நகர்த்தினார்.

இனி இன்றைய கதை.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. உள்ளே நுழைந்தால் தோல் வாசனையும் தோலை ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறும். சுவர் நெடுக அலமாரி, அலமாரி நிறைய மரக்கால்கள். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவர் காலின் அளவுக்கும் செதுக்கிய கட்டை. பட்டறையில் அதற்கு அச்சு என்று பெயர். அச்சின் மேல் தோலை இழுத்துப் பிடித்துத்தான் ஷூ பிறக்கும். யாருக்காவது காலில் ஒரு பக்கம் புடைத்திருந்தால், அச்சிலும் அந்த இடத்தில் தோல் துண்டை ஒட்டிப் புடைக்க வைப்பார்கள். ஆள் ஊரில் இல்லாவிட்டாலும் அவர் கால் அலமாரியில் இருக்கும்.

பட்டறைக்காரர் தலை நிமிராமல் ஒரு அடித்தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பலையா?" என்றாள் மெஷின்காரி.

"நீ கூட்டிட்டுப் போயேன். இந்த வக்கீலோட ஷூவ முடிக்கணும்."

"வக்கீல்கிட்ட நாம செஞ்ச ஷூவே ரெண்டு ஜோடி இருக்கு. வெறுங்காலோட கோர்ட்டுக்குப் போயிடமாட்டார்."

"ஸ்கேன்தானே? நீ போனா போதாதா?"

"ஸ்கேனுக்கு நான் போதும். ரத்தம் கேட்டது உங்ககிட்ட."

தேய்க்கிற கை நின்றது, மறுபடி ஓடியது.

அவருடைய பயம் என்னவென்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அப்பா போனது இந்த அறையில்தான், ஒரு மதிய வேளையில், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே. அண்ணன் போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான். அண்ணன் போன வயது பட்டறைக்காரருக்கு இந்த வருஷம் வந்திருக்கிறது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பார்க்காமல் இருந்தால் அது வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று ஒரு நினைப்பு. நமக்கெல்லாம் இல்லாத நினைப்பா?

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக நொண்டிக்கொண்டே வந்தாள் கொசு.

"அப்பா வரலன்னா நானும் வரல. ஊசி போட்டா நான் யார் கையக் கிள்ளுறது? அம்மா கை கெட்டி. கிள்ளவே வராது."

"இன்னிக்கு உனக்கு ஊசி இல்லடி. ஸ்கேன் மட்டும்தான்."

"அப்ப யாருக்கு ஊசி?"

கொசு அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு சாக்ஸ் காலை அப்பாவின் மடியில் தூக்கி வைத்தாள்.

"ஷூ போட்டு விடு."

பட்டறைக்காரர் போட்டு விட்டார். மற்ற ஷூக்களில் பின்பக்கம் குதிகாலுக்கு மேலே விறைப்பாக ஏறி நிற்குமே, அது இந்த ஷூவில் நடுவே பிறை போல வளைந்து இறங்கியிருக்கும். பட்டறைக்காரர் போட்டிருக்கும் ஷூவிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "இது எங்க வீட்டு வெட்டு, கடையில கிடைக்காது" என்பாள் கொசு.

முடிச்சுப் போட்டதும் அவரே எழுந்தார். அடித்தோலைத் துணி போட்டு மூடினார்.

"ஸ்கேனுக்குத்தான் வரேன்" என்றார்.

"வாங்க" என்றாள் மெஷின்காரி. அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. வருகிறவரைத் திருப்பி அனுப்புகிற சொல் ஒன்று தவறி விழுந்துவிடக் கூடாதே.

*

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சுவரெல்லாம் மீன் வரைந்திருந்தார்கள். ஒரு மீனுக்கு இமை முடி இருந்தது. "மீனுக்கு ஏதுப்பா இமை?" என்று தொடங்கிய கொசு, கூப்பிடும் வரைக்கும் நிறுத்தவில்லை.

ஸ்கேன் அறை அரையிருட்டாக இருந்தது. டாக்டரம்மா கொசுவின் கழுத்தில் பசை மாதிரி ஒன்றைத் தடவினார்.

"ஐயோ, குளிருது. இது சொல்யூஷனா? ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. ஆனா பேசினா படம் ஆடும். கொஞ்ச நேரம் வாய மூடிட்டுப் படுத்திருப்பியா?"

"அது மட்டும் கேக்காதீங்க டாக்டர்" என்றாள் மெஷின்காரி. இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரரும்தான்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பாதை துடித்தது. டாக்டரம்மா அதன் ஓரத்தில் ஒரு கோட்டை வைத்து அளந்தார், மறுபக்கம் திருப்பி அளந்தார். அளக்கிறவர்களின் முகம் பட்டறைக்காரருக்குத் தெரியும். சரியாக இருந்தால் அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். சரியில்லாவிட்டால்தான் அதே இடத்தை இரண்டாவது தடவை தொடுவார்கள். டாக்டரம்மா இரண்டாவது தடவை தொட்டார்.

விளக்கைப் போட்டதும் கொசுவுக்குக் கழுத்தைத் துடைத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. அடைப்பு கிடையாது. ஆனா குழாயோட உள்சுவர் இவ வயசுக்கு இருக்க வேண்டியதவிட ஒரு துளி தடிச்சிருக்கு. கொழுப்பு படிய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்."

"ஒரு துளின்னா?"

"ஒரு முடியோட கனம் கூட இருக்காது."

இன்னொருவருக்கு அது ஒன்றுமில்லாத அளவாகத் தோன்றியிருக்கும். பட்டறைக்காரருக்குத் தோன்றவில்லை. ஷூவின் உள்தோல் ஒரு முடி கனம் கூடினாலும் அவர் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கண்டுபிடித்துவிடும். அந்த ஒரு முடி கனம் போதும், போகப் போகக் காலைக் கடிக்க. அவர் விரல்கள் தம்மையறியாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

"ஒல்லியா இருக்காளே டாக்டர். ஓடுறா, ஆடுறா."

"ஒல்லிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கொசு ஷூவைத் தேடினாள். அப்பா குனிந்து போட்டு விட்டார். மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா கேட்டார்: "பின்னாடி ஏன் வெட்டியிருக்கு? உரசிப் புண்ணாச்சா?"

காலையிலிருந்து அவருக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி ஒருவர் கேட்டது இப்போதுதான். பட்டறைக்காரர் முகம் மலர்ந்தது.

"புண்ணெல்லாம் இல்ல டாக்டர். எங்க வீட்டுக் குதிகால் அப்படி. குதிகாலுக்கு மேல நரம்பு கயிறு மாதிரி போகுதில்ல, அது எங்களுக்குத் தடிமனா இருக்கும். சாதா ஷூ போட்டா பின்னாடி பிடிக்கும். அதான் வளைச்சு வெட்டிடுவோம். எங்கப்பா கண்டுபிடிச்ச வெட்டு."

"உங்க ஷூவக் கொஞ்சம் கழட்டுங்க, பார்க்கலாம்."

"அடுத்தவங்க ஷூவக் கழட்டித்தான் எனக்குப் பழக்கம்" என்று சிரித்துக்கொண்டே கழற்றினார்.

டாக்டரம்மா அவர் காலைத் திருப்பி, குதிகாலுக்கு மேலே இரு விரலால் பிடித்து மெல்ல அழுத்தினார். கட்டி கட்டியாக, உருண்டையாக, கல் மாதிரி.

"வலிக்குதா?"

"வலியே இல்ல. முத்திரை குத்தின மாதிரி எங்க எல்லாருக்கும் உண்டு. அண்ணனுக்கு என்னதவிடப் பெரிசு. ஸ்டூல்ல காலை மடிச்சு உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. தொழில் கொடுத்தது."

டாக்டரம்மா கொசுவைப் பக்கத்தில் கூப்பிட்டு, இப்போதுதான் போட்ட ஷூவை மறுபடி கழற்றி, அவள் குதிகாலையும் தடவிப் பார்த்தார். கொசுவுக்குக் கூச்சம் தாங்கவில்லை, துள்ளினாள்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்லையே. மெலிசா, நல்லா இருக்கு."

"இப்ப இல்ல டாக்டர். பெரியவளானா வரும்."

"அவ ஸ்டூல்ல உட்கார்ந்து ஷூ தைக்கிறாளா?"

"சே, இல்ல. அவளாவது, ஒரு இடத்துல உட்காருறதாவது."

"அப்புறம் எப்படி வரும்?"

பட்டறைக்காரர் வாயைத் திறந்தார். சொல்ல வந்தது சுலபமான பதில்தான். எங்க வீட்ல எல்லாருக்கும் வரும். அதைச் சொல்லவும் செய்தார். சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்தபோது மீதிப் பேச்சு வரவில்லை.

"எல்லாருக்கும்னா?" என்றார் டாக்டரம்மா, குரலை உயர்த்தாமல்.

"அப்பா. அண்ணன். நான்."

"அவங்க ரெண்டு பேரும் இப்ப..."

"இல்ல. ரெண்டு பேருக்கும் நெஞ்சுதான். சின்ன வயசு."

கொசு கழற்றிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, மூன்று பேருக்கும் எதிரே உட்கார்ந்தார். "நம்ம ரத்தத்துல இருக்கற கொழுப்பைக் கல்லீரல் எடுத்துக் கழிச்சுக்கிட்டே இருக்கணும். சிலருக்கு அந்த எடுக்கிற வேலை பிறக்கும்போதே பாதிதான் நடக்கும். அப்பாகிட்டயிருந்தோ அம்மாகிட்டயிருந்தோ பிள்ளைக்கு வரும். எடுக்காத கொழுப்பு எங்கயாவது போய்த் தங்கணுமில்ல? ரத்தக்குழாய் சுவர்ல தங்கும். அது வெளியில தெரியாது. சிலருக்குக் குதிகால்லயும் தங்கும். இது தெரியும்." அவர் விரல் இன்னும் பட்டறைக்காரரின் குதிகால் மேலேயே இருந்தது. "இது தொழில் கொடுத்தது இல்லங்க."

மெஷின்காரி மெதுவாகக் கேட்டாள். "அப்ப... சாப்பாட்டால வரலையா?"

"அளவா சாப்பிடணும், அது நல்லதுதான். ஆனா வெறும் சாப்பாட்டால இவ்வளவு ஏறாது. உங்க கையால வந்ததில்லம்மா இது."

மெஷின்காரி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். உள்ளே எதையும் தேடவில்லை என்பது பட்டறைக்காரருக்குத் தெரிந்தது. அவளைப் பார்க்க முடியாமல் சுவரிலிருந்த மீனைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து இன்னொருத்தியின் முகம் அவர் கண் முன்னால் வந்து நின்றது. அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

"மாத்திரை எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாள் கணக்கு கிடையாது. காலம் பூரா."

"சின்னப் பிள்ளைக்கா?"

"குழாய் கெட்டுப்போன பிறகு சரி பண்றது பெரும்பாடு. உங்க அண்ணனுக்கு அதுக்குக்கூட நேரம் கிடைக்கல. கெடாம பார்த்துக்கறதுக்கு இவளுக்கு நேரம் இருக்கு. சின்ன அளவுல ஆரம்பிச்சு, அப்பப்ப ரத்தம் பார்த்துத்தான் கொடுப்போம்."

"கசக்குமா?" இது கொசு.

"முழுங்கிட்டா தெரியாது."

"எவ்வளவு பெரிசு?"

"உன் சட்டை பட்டன்ல பாதி."

"அப்ப சரி. அப்பாவுக்கும் அதே சைஸா?"

டாக்டரம்மா பட்டறைக்காரரைப் பார்த்தார். மெஷின்காரி பார்க்கவில்லை, அவள் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்காரர் சட்டைக் கையை மடித்தார். தோலை மடிப்பது போல, ஓரம் பிசகாமல், மெதுவாக மடித்தார். கொசு நாற்காலியை விட்டு இறங்கிவந்து, தன் குச்சிக் கையை அவர் மடியில் நீட்டினாள்.

"வலிச்சா கிள்ளிக்கோ. நான் கத்த மாட்டேன்."

கிள்ளவில்லை. பிடித்துக்கொண்டார்.

பஞ்சை ஒட்டி முடித்து, "உங்க ரிசல்ட் நாளைக்குத் தெரியும்" என்று அனுப்பி வைத்தபோது, கதவுக்கருகே டாக்டரம்மா இன்னொன்று கேட்டார்.

"உங்க அண்ணனுக்குப் பிள்ளைங்க உண்டா?"

பட்டறைக்காரர் ஷூ முடிச்சைச் சரி செய்யக் குனிந்துகொண்டார். முடிச்சு சரியாகத்தான் இருந்தது.

"ஒரு பையன்" என்றாள் மெஷின்காரி. "இப்ப பெரியவனாயிருப்பான்."

"அவனுக்கும் இது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. சீக்கிரம் சொல்லிடுங்க."

*

பஸ்ஸில் கொசு ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனாள். அவள் பேசாத பஸ்ஸில் பட்டறைக்காரருக்குத் தன் நெஞ்சு அடிப்பது கேட்டது.

இப்போது சொல்கிறேன், அந்த முகம் யாருடையதென்று. அண்ணியுடைய முகம். அண்ணன் போன அன்று, வீடு கொள்ளாத கூட்டத்தில், துக்கத்தில் இந்தத் தம்பிதான் சொன்னார்: "வெண்ணெயும் முட்டையுமா போட்டுப் போட்டு என் அண்ணனக் கொன்னுட்டீங்களே அண்ணி." சமையல் அண்ணிக்குக் கைவந்தது. அண்ணனுக்குப் பிடித்ததைச் செய்து போட்டாள், வேறென்ன செய்தாள்? அன்றைக்கு அவள் அழுகையைக்கூட நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். காரியம் முடிந்ததும் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியவள்தான். அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இவரும் கேட்கவில்லை.

துக்கத்தில் சொன்ன சொல் என்று அவர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அதே சொல்லைத்தான் கொஞ்சம் உருமாற்றி இந்த வருஷம் மெஷின்காரியிடமும் கேட்டார். அப்போது என்ன துக்கம்?

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பட்டறை விளக்கைப் போட்டார். வக்கீலின் அடித்தோல் மூடியபடியே கிடந்தது. அதைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு ஜோடி அச்சை இறக்கினார். அண்ணனுடையது. குதிகாலுக்கு மேலே தோல் துண்டின் மேல் தோல் துண்டாக ஒட்டியிருந்தது. வருஷம் ஏற ஏற இவர்தான் ஒட்டினார். "இன்னும் கொஞ்சம் ஏத்துடா, பிடிக்குது" என்பான் அண்ணன். இவரும் ஏற்றுவார். அண்ணனும் தம்பியும் சிரித்துக்கொண்டே செய்த வேலை.

அதற்குப் பின்னால் சின்ன ஜோடி ஒன்று இருந்தது, அதையும் இறக்கினார். அண்ணன் மகனுடையது, பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது செதுக்கியது. அதிலும் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அந்த வயதில் பையன் காலில் ஒன்றும் இல்லை. வரும் என்று இவரே ஒட்டியது.

தூங்கி எழுந்த கொசு பக்கத்தில் வந்து நின்றாள். பட்டறைக்காரர் அவள் ஷூவைக் கேட்டு வாங்கினார். ஒத்த நிறத் தோலில் பிறையளவு ஒரு துண்டு வெட்டி, ஓரத்தைச் சீவி, வளைத்து வெட்டிய இடத்தில் பொருத்தி வைத்து, மெழுகு நூலைக் கோத்தார்.

"என்னப்பா பண்ற? நம்ம வீட்டு வெட்ட அடைக்கிற?"

"ஆமா."

"எனக்கு முத்திரை வந்தா எங்க வைக்கிறது?"

"வர விடமாட்டோம்."

கொசு யோசித்தாள். "மாத்திரை போட்டாலா?"

"மாத்திரை போட்டு. நானும் போடுவேன்."

"மறந்துட்டா?"

"நீ இருக்கும்போது இந்த வீட்ல யாருக்கு மறக்கும்?"

அவளுக்கு அது பிடித்திருந்தது. ரீங்காரம் போட்டுக்கொண்டே உள்ளே போனாள். மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் மிச்சம்.

"மெஷின்காரி" என்றார்.

மெஷின் நிற்கவில்லை.

"அன்னிக்கு உன்கிட்ட கேட்டேன்ல, பிள்ளைக்கு என்னத்தப் போட்டு வளர்த்தன்னு."

"கேட்டீங்க."

"கேட்டிருக்கக் கூடாது."

மெஷின் நின்றது. "எனக்கென்ன, இதே வீட்ல இருக்கேன். கோவம் வந்தா சட்டியப் போட்டு உருட்டிக்கிறேன். அக்காவுக்கு உருட்ட ஒரு சட்டி விட்டு வச்சீங்களா?" என்றாள். அண்ணியை அவள் அக்கா என்றுதான் சொல்வாள்.

அவர் ஊசியை ஒரு தடவை இழுத்தார்.

"அண்ணி நம்பர் யார்கிட்ட கேக்குறது? யாருக்குத் தெரியும்?"

மெஷின்காரி எழுந்து வந்தாள். வேலைக்கு நடுவில் அவள் மெஷினை விட்டு எழுந்து வருவதே அபூர்வம். போனை எடுத்து, ஒரு பெயரைத் தேடி, அவர் முன்னால் நீட்டினாள். திரையில் 'பட்டன் கடை' என்று இருந்தது.

"இது என்ன?"

"அக்கா நம்பர்தான்."

"பட்டன் கடைன்னு போட்டிருக்க?"

"வேற எப்படிப் போடுறது? நீங்க பார்த்துட்டா?"

"நம்ம ஷூவுல பட்டனே கிடையாதேடி."

"அதான். ஒரு நாளாவது கேட்டீங்களா, பட்டன் கடையில உனக்கென்ன வேலைன்னு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை. "பேசுவீங்களா ரெண்டு பேரும்?"

"எப்பவாவது. நல்லாருக்கியான்னு கேப்பாங்க, இருக்கேன்னு சொல்லுவேன். உங்களப் பத்தி அவங்களும் கேக்க மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன்."

"நீயே சொல்லிடேன். டாக்டர் சொன்னத அப்படியே."

"டாக்டர் சொன்னத நான் சொல்லிடுவேன். நீங்க சொன்னத யாரு திருப்பி எடுக்கிறது?"

மெஷின்காரியே பொத்தானை அழுத்தி, போனை அவர் காதருகே கொண்டுபோனாள். அவர் வாங்கிக்கொண்டார். மடியில் பாதி தைத்த ஷூ. ஊசி அதிலேயே தொங்கியது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார்கள் என்று நினைத்து ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சில் நிம்மதி கலந்திருந்ததை மெஷின்காரி கண்டுகொண்டாள்.

"ஹலோ, யாருங்க?"

பட்டறைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணன் குரல். அதே கனம், அதே கடைசியில் மெல்ல இறங்குகிற இழுப்பு.

"அம்மா குளிச்சிட்டு இருக்காங்க. யார் பேசுறீங்க?"

நான் இன்னார் என்று சொல்லவேண்டும். வரவில்லை. மன்னிப்புக்கென்று பஸ்ஸில் அடுக்கி வைத்த வார்த்தைகளும் வரவில்லை. பக்கத்திலிருந்த அந்தச் சின்ன அச்சு எப்படியோ கைக்கு வந்திருந்தது. கட்டைவிரல் அந்தப் புடைப்பின் மேலேயே போய் நின்றது.

"உன் குதிகால் எப்படிப்பா இருக்கு?" என்றார்.

மெஷின்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்துப் பேசுகிற மனுஷன் கேட்கிற முதல் கேள்வியா இது?

"சித்தப்பாவா?" என்றது அந்தக் குரல்.

உலகத்தில் வேறு யார் கேட்பார்கள் அவனிடம் அப்படி?

"ஆமாப்பா. நான்தான்."

"சித்தப்பா..." அவன் கொஞ்சம் சிரித்தான், தயங்கினான், பிறகு இவ்வளவு நாளாக யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவன் போலச் சொன்னான். "எந்தக் கடை ஷூவும் எனக்குச் சரியா வரல சித்தப்பா. பின்னாடி கடிக்குது. நீங்க செஞ்சு கொடுத்த மாதிரி ஒருத்தருக்கும் வெட்டத் தெரியல."

பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெட்டிக்கலாம்பா" என்றார். குரலை நிதானமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு மெஷின்காரிக்கு மட்டும் தெரிந்தது. "ஷூ செஞ்சு தரேன். அதுக்கு முந்தி உனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கணும். பயப்படாத, நானும் இன்னிக்குத்தான் கொடுத்துட்டு வந்திருக்கேன். உன் தங்கச்சி என் கையப் பிடிச்சுக்கிட்டா. ஏன் எதுக்குன்னு எல்லாம் சொல்றேன். மொதல்ல அம்மாகிட்ட நான் ஒண்ணு பேசணும்."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து ஒரு பெண் குரல், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்பது போல. "யார்கிட்டப்பா பேசிட்டிருக்க?"

"சித்தப்பாம்மா" என்றான் பையன்.

துவட்டுகிற கை நின்றிருக்க வேண்டும். பட்டறைக்காரர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். வைத்துவிட்டுத் தப்பிக்க அவகாசம் நிறையவே இருந்தது. அவர் வைக்கவில்லை. தரையில் ஈரக் கால்கள் மெல்ல நடந்து வருவது கேட்டது. பையனின் கையிலிருந்து போன் இன்னொரு கைக்கு மாறுவதும் கேட்டது.

"அண்ணி" என்றார்.

அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது கண்ணுகளா. அவள் பேசட்டும், அவசரப்படுத்த வேண்டாம். அவளுக்கு அந்த உரிமை உண்டு. நீங்கள் எழுந்து போய்ப் பாலை மறுபடி சூடு பண்ணிக் குடியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஓட்டம் ஓயாதிருக்கட்டும். உங்கள் வீட்டு ஆண்கள் கேட்க வேண்டியதைக் கேட்கும் தைரியத்தோடு நெடுநாள் இருக்கட்டும். உங்களுக்குச் சோறு போட்ட கைகளின் மேல் ஒரு பழியும் விழாதிருக்கட்டும். பேச்சு நின்றுபோன உறவு ஏதாவது உங்கள் வீட்டிலும் இருந்தால், அங்கேயும் இன்றைக்கு ஒரு மணி அடிக்கட்டும், ஒரு கை அதை எடுக்கட்டும். நல்லா இருங்க.